மடிக்கணினித் திரையைக் காப்போம்



செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளை வேலை முடிந்ததும் துடைத்து, உறையிட்டு வைக்கிறோம். அரிவாள் கெட்டால் மறுநாள் வேலை கெடும். நம் பிள்ளைகளின் மடிக்கணினியும் அத்தகைய கருவிதான். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் திரை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தது. இன்றும் பல வீடுகளில் ஒரே கணினியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து படிக்கின்றனர்.

அதன் திரை உடைந்தால் மாற்றுவதற்குச் சில நூறு வெள்ளி ஆகலாம். 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் இது சிறு தொகையா?

கீழே விழுந்தால்தான் திரை உடையும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான திரைகளில் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள் உள்ளன. அவற்றின் நடுவே, தலைமயிரைக் காட்டிலும் மெல்லியதாகத் திரவப் படிகம் என்னும் பொருள் பரவியிருக்கிறது. ஆகவே, அழுத்தம் பட்டாலே அது உடையக்கூடும். விசைப்பலகைமீது பென்சிலை மறந்து வைத்து மூடினால் போதும், கண்ணாடி விரிசல் விடும். மூடும் முன் கையால் தடவிப் பாருங்கள். மூடிய கணினியின்மேல் புத்தகங்களை அடுக்காதீர்கள். திரையைப் பிடித்துத் தூக்காமல் அடிப்பாகத்தை இரு கைகளாலும் ஏந்துங்கள். திறக்கும்போது மூலையைப் பிடிக்காமல், மேல் விளிம்பின் நடுவில் பிடியுங்கள்.

அடுத்து, துடைக்கும் முறை. கணினியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, சூடு ஆறவிடுங்கள். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியோ, துவைத்த பழைய பனியன் துணியோ போதும். முதலில் தூசியை மெல்லத் தட்டுங்கள். கறை இருந்தால் துணியைச் சுத்தமான நீரில் சற்றே நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். திரைமீது நேராக நீர் தெளித்தால் அது வழிந்து, கீழ் விளிம்பில் உள்ள மின்பாகங்களைக் கெடுத்துவிடும். சன்னல் கண்ணாடி துடைக்கும் மருந்து, மண்ணெண்ணெய், பாத்திரம் தேய்க்கும் நார் ஆகியவை கூடவே கூடாது. அவை திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும், கீறலும் விழும். வெயிலில் நிற்கும் வண்டியிலும் கணினியை விட்டுச் செல்லாதீர்கள்.

திரை விரிசல் விட்டால் விரலால் தடவ வேண்டாம். ஏதேனும் கசிந்து கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உடைந்துவிடும் என்று அஞ்சிக் கணினியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பூட்டியிருந்தால் திரை பிழைக்கும், படிப்பு பிழைக்காது. பிள்ளை தவறி உடைத்துவிட்டால் அடிக்காதீர்கள். அடிக்கு அஞ்சிய பிள்ளை சிறு விரிசலை மறைக்கும். தினமும் திறந்து மூடுவதில் அது பெரிதாகும். அன்றே சொன்னால் அன்றே ஆசிரியரிடம் வழி கேட்கலாம்.