தீர்ப்புக்கு முன்பே ஒரு மேல்முறையீடு



வேலைநீக்க வழக்கின் இறுதித் தீர்ப்பை எதிர்த்து மேலே போவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்தக் கருத்தரங்கு அதற்கு முந்தைய கட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதே, இடையில் வரும் ஓர் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுத் தடை வாங்குகிறார்களே, அந்தக் கட்டம். தொழிலாளியை அதிகம் வதைப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நிர்வாகம் உள்விசாரணை நடத்தி ஒருவரை நீக்குகிறது. அந்த விசாரணை முறையாக நடந்ததா என்பதைத் தொழிலாளர் நீதிமன்றம் முதலில் பார்க்கிறது. முறையாக நடக்கவில்லை என்று உத்தரவு வந்தாலும், உரியபடி அனுமதி கோரியிருந்தால், அந்த நீதிமன்றத்திலேயே சாட்சிகளை நிறுத்திக் குற்றச்சாட்டை நிரூபிக்க நிர்வாகத்துக்கு வழியுண்டு. பிறகு எதற்கு நடுவில் ஒரு மேல்முறையீடு? கூப்பர் இன்ஜினியரிங் வழக்கில் 1975இலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லிவிட்டது: குறை இருந்தால் இறுதித் தீர்ப்பு வந்தபின் அதையும் சேர்த்துக் கேட்கலாம், நடுவழியில் உயர் நீதிமன்றம் தலையிட மறுப்பது முறையே. உள்விசாரணை சரிதான் என்ற உத்தரவால் பாதிக்கப்படும் தொழிலாளிக்கும் இந்த விதி பொருந்தும். அதையும் நாம் ஏற்க வேண்டும்.

ஆனாலும் நடந்தது என்ன? தில்லியில் 1969இல் வேலையிழந்த ஒருவரின் வழக்கு, அவர் சட்டப்படி 'தொழிலாளி'தானா என்ற பூர்வாங்க ஆட்சேபனையிலேயே சிக்கி 1983இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீக்கம் நியாயமா என்ற கேள்விக்கு அதுவரை விடையே இல்லை. பூர்வாங்க ஆட்சேபனைகளைக் கொண்டு வழக்கை இழுத்தடிக்கும் போக்கை நீதியரசர் சின்னப்ப ரெட்டி அத்தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தார்.

தொழில் தகராறுச் சட்டத்தின் 17பி பிரிவு 1984இல் நடைமுறைக்கு வந்தது. மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை நிர்வாகம் மேலே கொண்டுபோனால், அந்த வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தர வேண்டும். வேறு நிறுவனத்தில் வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் போதும். பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளம்தான். அரிசி விலை ஏறியதை அது அறியாது. ஆனாலும் அடுப்பு எரியும்.

இடைக்கால உத்தரவின் மீதான தடைக்கு அந்தச் சிறு பாதுகாப்பும் கிடையாது. தீர்ப்பு வந்தால்தானே 17பி! தீர்ப்பே வராமல் தடுத்துவிட்டால் தொழிலாளிக்கு ஒரு ரூபாய்கூட வராது. இந்த ஓட்டையை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. இடையில் தடை கொடுத்தே தீர வேண்டிய அபூர்வமான வழக்குகளில், மாதச் சம்பளத்தைக் கட்டும்படி உயர் நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். அதற்கான அதிகாரம் அதற்கு உண்டு என்றே கருதுகிறேன். இதை ஏற்போரும் மறுப்போரும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். முதல் அமர்வை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.