ஓலையும் ஸ்டேட்டஸும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில், பங்கு வாட்ஸ்அப் குழுவின் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொன்விழாக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று சொன்னபோது, 'ஐம்பது ஆண்டுக்கால வளர்ச்சி' என்று ஏதாவது தலைப்புத் தருவார்கள் என்று எதிர்பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்ததோ செல்போன். கோவில் கூட்டத்தில் செல்போனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அரை மணி நேரத்துக்கு முன்பு இதே மண்டபத்தில் நம்மில் எத்தனை பேர் படம் எடுத்தோம், அவற்றில் எத்தனை படங்கள் இதற்குள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஓலை வாசிப்பது தெரியும். கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார், இன்ன பங்கு. இன்னார் மகள் இன்னார், இன்ன பங்கு. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் சம்பளமோ, போடுகிற நகையோ, பெண்ணின் தாய்க்கு இருக்கும் சர்க்கரை வியாதியோ ஓலையில் வராது. அதை வாசிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கேட்பவர்கள் யார் என்பது தெரிந்திருந்தது. மூன்றாம் வாரத்தோடு அது முடிந்தும் போயிற்று. இன்று நாம் போடுகிற ஸ்டேட்டஸுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது உண்டா? 'அதுதான் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுமே' என்பார்கள் நம் பிள்ளைகள். மறைவது நம் போனில்தான். பார்த்தவர் அதைத் திரையோடு படம் பிடித்து வைத்திருந்தால், அவரிடம் அது இருந்துகொண்டேதான் இருக்கும்.

பிறருக்குச் சொல்வதற்கு முன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். நோய் எது, வருடம் எது என்பதைச் சொல்லப்போவதில்லை. யாரென்று யூகிக்க முயலாதிருப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு தாய் தன் மகள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் எல்லோரும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் எங்களில் ஒருவருக்குச் செய்தி அனுப்பினார். கூடவே மருத்துவ ரிப்போர்ட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார். எங்கள் ஆள் நல்லெண்ணத்தில், 'அவசர ஜெப உதவி' என்று தலைப்புப் போட்டு, இரண்டையும் பங்குக் குழுவில் ஏற்றிவிட்டார். அங்கிருந்து அன்பியக் குழுக்களுக்குப் போயிற்று. அங்கிருந்து உறவினர் குழுக்கள், பழைய மாணவர் குழுக்கள் என்று பரவியது. ரிப்போர்ட்டில் பெண்ணின் முழுப் பெயர், வயது, போன் நம்பர், நோயின் பெயர் எல்லாம் இருந்தன. மூன்றாம் நாள் வெளியூரில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அது தெரிந்திருந்தது. அப்போது பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம், யாரும் ஒன்றும் சொல்லாமலே நின்றுபோயிற்று. இதனால்தான் நின்றதா என்று யாரிடம் போய்க் கேட்பது?

குணமாகி வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் எங்களைப் பார்க்க வந்தாள். எங்களில் மூத்தவரைப் பார்த்து, "ஜெபம் பண்ணினதுக்கு ரொம்ப நன்றி மாமா. ரிப்போர்ட்டை எதுக்குப் போட்டீங்க? பேரைச் சொன்னாப் போதாதா?" என்று கேட்டாள். "அம்மாதானேம்மா அனுப்பினாங்க" என்றார் அவர். "அம்மா உங்களுக்கு அனுப்பினாங்க. ஊருக்கு அனுப்பச் சொல்லலையே. அதுவும் என் ரிப்போர்ட், அம்மா ரிப்போர்ட் இல்லையே" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. எங்கள் குழுவில் இருந்ததை அழித்தோம். மற்றக் குழுக்களுக்குப் போன பிரதிகள் எங்கள் கைக்கு எட்டவில்லை. இன்றும் எந்தெந்தப் போனில் இருக்கின்றனவோ தெரியாது.

வாட்ஸ்அப்பில் எல்லாம் பூட்டித்தானே போகிறது என்று படித்த தம்பிகள் சொல்வதுண்டு. உண்மைதான். 2016 முதல் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையில் யாரும், அந்தக் கம்பெனிகூட, படிக்க முடியாதபடி செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன. ஆனால் பூட்டு வழிப்பயணத்துக்குத்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்து கையில் வைத்திருப்பவர் அடுத்த விநாடி என்ன செய்வார் என்பதற்குப் பூட்டு ஏது?

இப்போது தாத்தா, பாட்டிமார் சற்றுக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்து நாட்டில் 2020-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வழக்குத் தீர்ப்பாயிற்று. ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகளின் படங்களைப் பேஸ்புக்கிலும் பின்டரஸ்டிலும் போட்டிருந்தார். பிள்ளைகளின் தாய், அதாவது அந்தப் பாட்டியின் சொந்த மகள், எடுத்துவிடும்படி பலமுறை கேட்டும் அவர் எடுக்கவில்லை. மகள் கோர்ட்டுக்குப் போனார். இது குடும்ப விஷயம் என்று ஒதுக்கித் தள்ள கெல்டர்லாந்து நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. பேஸ்புக்கில் போட்ட படம் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது; ஆகவே அதை வீட்டு ஆல்பத்தோடு ஒப்பிட முடியாது என்பதே அதன் கருத்து. படங்களை எடுக்கவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ, அதிகபட்சம் 1,000 யூரோ அபராதம் என்று உத்தரவிட்டது. தாய்க்கும் மகளுக்கும் கோர்ட்டு வழக்கா என்று நமக்கு மனம் ஒப்பவில்லை. எனினும், பேரனின் படத்தைப் போடுமுன் மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி அவர்கள் தொடர்ந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதன்பின் 2023-இல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் விவரத்தைக் கம்பெனிகள் கையாள வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறு. ஒருவர் தாமே பகிரங்கமாக வெளியிட்ட விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தனிமனிதர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் விவரத்துக்கும் பொருந்தாது. வாசற்கதவை நாமே திறந்துவைத்துவிட்டு அந்தச் சட்டத்தைக் கூப்பிட முடியாது.

அப்படி என்னதான் போட்டுவிடுகிறோம் என்கிறீர்களா? ஒரு முன்னாள் பிரதமருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் பிரதமராக இருந்த டோனி அபாட் 2020 மார்ச்சில் தம் விமானப் பயணத்தின் போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணையும் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு, விமானக் கம்பெனியின் இணையப் பக்கம் வழியாக, ஓர் இளைஞர் அவருடைய பாஸ்போர்ட் நம்பரையும் போன் நம்பரையும் கண்டுபிடித்துவிட்டார். நல்லவேளை, அந்த இளைஞர் யோக்கியர். அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் தகவல் கொடுத்தார். வளைகுடாவுக்குப் புறப்படும் நம் பிள்ளைகள், டிக்கெட்டையும் விசாவையும் கையில் பிடித்தபடி போடுகிற படங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று 2018-இல் வெளிவந்தது. பேஸ்புக்கில் ஒரு குணநலச் சோதனைச் செயலியைப் பயன்படுத்தியவர்களின் விவரங்களோடு அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து கேம்பிரிட்ஜ் அனாலிட்டிக்கா என்ற கம்பெனிக்குப் போயின. உலகம் முழுவதும் எட்டு கோடியே எழுபது லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் செயலியைச் சேர்த்துக்கொண்டவர்கள் வெறும் 335 பேர். அவர்கள் வழியாக விவரம் போயிருக்கக்கூடியவர்களோ ஐந்து லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகம்! நம் பங்குக் குழுவில் இருப்பவர்களில் ஒருவர் அசட்டையாக இருந்தாலே போதும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் புறப்படும்போது ஸ்டேட்டஸ் போடாதீர்கள். வீடு பூட்டியிருக்கிறது என்பதை ஊருக்கு அறிவிக்க வேண்டாம், திரும்பி வந்து போடுங்கள். கேமராவில் லொகேஷன் திறந்திருந்தால் எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும். கேமரா செட்டிங்கில் அதை நிறுத்தி வைப்பதே உத்தமம். உங்கள் படத்தை யார் பார்க்கலாம், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதையும் செட்டிங்கில் நீங்களே தீர்மானிக்கலாம். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை அரசாங்கமே தருகிறது. நகல் கேட்கும் இடங்களில் அது போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் மகள் தன் படத்தை வைத்து எவனோ மிரட்டுகிறான் என்று வந்து சொன்னால், முதலில் அவளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டாள்.

இதெல்லாம் தெரியாத பாட்டிமார் பக்கத்து வீட்டுப் பேரனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பேரன்மார் போனை வாங்கினால் செட்டிங்கை மட்டும் பாருங்கள், செய்திகளைப் பார்க்காதீர்கள்!

எங்கள் குழுவைப் பொறுத்தவரை மூன்று ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். ஜெப உதவி கேட்டால் இனி ஞானஸ்நானப் பெயரை மட்டும் போடுவோம். நோய், ஆஸ்பத்திரி, ரிப்போர்ட் எதுவும் வராது. கடன், குடும்பத் தகராறு போன்றவற்றுக்காக வேண்டச் சொன்னால் பெயரும் வராது. பொன்விழா மலரில் குடும்பப் படங்களின் கீழ் வீட்டு முகவரியோ போன் நம்பரோ அச்சாகாது. சென்ற மலரில் அச்சிட்டிருந்தோமே என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். சென்ற மலர் பீரோவில் இருக்கும் புத்தகம். இந்த மலரை யாராவது போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவார்கள் என்று விளக்கியபிறகு அவரும் சம்மதித்தார்.

கடைசியாக, வருகிற புதுநன்மைப் பூசை. பீடத்தருகே படமெடுக்க ஒருவருக்கு மட்டுமே அனுமதி. அவர் எடுத்ததை அந்தந்தப் பெற்றோரிடம் தனித்தனியே கொடுப்பார். பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் படத்தைக் குழுவில் போட எல்லாப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்; ஒரு வீட்டில் வேண்டாம் என்றால் போடமாட்டோம், காரணமும் கேட்கமாட்டோம். அதற்கான தாள் உபதேசியாரிடம் இருக்கிறது. பூசை முடிந்து போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையும் கையெழுத்துப் போட ஒரு கோடு விட்டிருக்கிறோம்.