வாசகர் கடிதம் யாருடையது?

(ஹப்சிகுடாவில் சந்தாதாரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இந்த மாதம் நம் ஏட்டுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் வீட்டு வேலை செய்யும் ஒரு சகோதரி. கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வரவில்லை என்று, சீட்டுப் பிடித்தவரின் பெயரோடு எழுதியிருக்கிறார். அந்தப் பெயருடையவர் நம் சங்கத்துக்கு வேண்டியவர். "போடாதே" என்கிறார்கள் சிலர். "அப்படியே போடு" என்கிறார்கள் வேறு சிலர். "அந்த அம்மா சந்தாவே கட்டவில்லையே" என்றும் ஒரு குரல் கேட்கிறது. ஆகவேதான் இதைச் சபையில் வைக்கிறோம்.

பிழைக்கப் போன இடத்தில் ஏடு நடத்துவது தமிழனுக்குப் புதிதல்ல. 1903-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியபோது, தமிழிலும் அதற்குப் பக்கங்கள் இருந்தன. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் காலம் அது. அந்த ஏட்டுக்கு வந்த கடிதங்களில் அன்பும் இருந்தது, கசப்பும் இருந்தது. அவற்றைப் படித்துப் பதில் சொன்னதே தமக்கு நல்ல படிப்பு என்று காந்தி சுயசரிதையில் எழுதினார். கட்டற்ற பேனா வெள்ளம்போல் அழிக்கும். பிறர் போடும் கட்டு அதைவிடக் கேடு. தானே போட்டுக்கொள்ளும் கட்டே நன்மை தரும் என்பது அவர் கண்ட முடிவு.

நாமும் கட்டுப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். எழுதியவர் மட்டுமே பொறுப்பு என்று நினைக்காதீர்கள். 1933-ல் 'குடி அரசு'த் தலையங்கத்துக்காகப் பெரியாரோடு, வெளியீட்டாளரான அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றார். அது அரசை எதிர்த்த வழக்கு. தனி மனிதரைப் பற்றிய அவதூறுக்கு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இருக்கிறது. உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. பொது நன்மைக்காக வெளியிட்டோம் என்றும் காட்ட வேண்டும்.

அதற்காக அஞ்சி எல்லாவற்றையும் அமுக்கிவிடுவதா? வந்த கடிதம் அத்தனையும் போட ஆசிரியர் கட்டுப்பட்டவரல்லர், ஆனால் ஒருதலையாகப் பொறுக்கக் கூடாது, சுருக்கும்போது கருத்தைத் திரிக்கக் கூடாது என்பது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறி.

எனவே நாம் முன்வைப்பது இது:

ஒன்று: சந்தா கட்டினாரா என்று பார்த்துக் கடிதத்தைப் பிரிக்க வேண்டாம். கட்ட முடியாதவருக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

இரண்டு: எழுதியவரின் பெயரும் முகவரியும் நமக்குத் தெரிய வேண்டும். அவர் அஞ்சினால் அச்சில் வராது.

மூன்று: புகார் என்றால் ரசீதைப் பார்ப்போம். எதிர்த்தரப்பைக் கேட்போம். அவர் பதிலையும் அதே இதழில் போடுவோம். பதில் தர மறுத்தால், அதையும் சொல்வோம்.

நான்கு: ரயில்வே அலுவலகத்தில் வருகிற தபாலுக்கெல்லாம் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். எண் விழுந்த தபாலை மேசைக்குள் ஒளிக்க முடியாது. இங்கும் அப்படியே செய்வோம். போடாத கடிதத்துக்குக் காரணம் எழுதி வைப்போம். எவரும் வந்து பார்க்கலாம்.

நமக்கு வேண்டியவர் என்பதற்காக அந்தச் சகோதரியின் கடிதத்தை மறைத்தால், நாளை முதலாளி மீது வரும் புகாரை அச்சிட நமக்கு என்ன யோக்கியதை இருக்கும்? கூட்டம் முடிவு சொல்லட்டும்.