கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி: செவிலியரின் மறுமொழி

(ஜமாஅத் மகளிர் நலக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கருவுற்ற பெண் ரணஜன்னித் தடுப்பூசிக்குத் தயங்கினால், அதனைப் பிடிவாதமென நாங்கள் கருதுவதில்லை. வயிற்றுப் பிள்ளையின் மீதுள்ள அக்கறையே அது. ஆகவே முதலில் ஐயம் தீர்ப்போம், பின்னரே ஊசி.

"நாங்கள் ஊசி போடாமலே பெறவில்லையா?" என்பார் மாமியார். பெற்றார்கள், பெற்று இழந்தவர்களும் உண்டு. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடி அறுத்த காலத்தில், இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த சேய், தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து மாண்டது. அதுவே ரணஜன்னி.

"பிள்ளையைப் பாதிக்குமா?" இவ்வூசியில் உயிருள்ள கிருமி இல்லை. தாயின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியே சேயைச் சென்றடைகிறது.

"கருத்தடை ஊசியோ?" இதனைப் போட்டுக்கொண்ட தாய்மார்களே அடுத்த பிரசவத்திற்கும் எங்களிடம் வருகின்றனர்.

தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆயினும் அக்கிருமி மண்ணில் என்றும் இருக்கும். ஊசியைக் கைவிட்டால் நோய் திரும்பும்.

கருவுற்றதைப் பதிந்தவுடன் முதல் ஊசி. 4 வாரங்களுக்குப் பின் இரண்டாவது. இரண்டும் போட்டவர் 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றால் ஒன்றே போதும். இப்போது தரப்படும் ஊசி தொண்டை அடைப்பானையும் தடுக்கும்.

மருமகளை அனுப்பும் மாமியார்களே, நீங்களும் உடன் வாருங்கள். ஐயங்களை எங்களிடமே கேளுங்கள். அதற்கெனவே நாங்கள் இருக்கிறோம்.