சேலைக் கரையும் மூங்கில் குருத்தும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துணிகளின் வேலைப்பாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஈப்போ வீதியில் கட்டம் போட்ட கைலியைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் அதைக் காயின் பெலிகாட் என்பார்கள். பெலிகாட் என்பது எது? சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு! ஒல்லாந்தர் 1613-இல் கோட்டை கட்டிய துறைமுகம். 1824-இல் இலண்டனில் எழுதிய உடன்படிக்கையால் அவ்வூர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மலாக்காவை அவர்களுக்குக் கொடுத்ததும் அதே உடன்படிக்கைதான். சோழமண்டலக் கரைத் துணி மூட்டைகளைத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பினாங்கில் இறக்கினார்கள். ஊரை மறந்தாலும், ஊர்ப்பெயர் இடுப்பில் நிற்கிறது.

இனி ஒரு வடிவத்தை மட்டும் பார்ப்போம். பழைய சரோங் துணியில் "கெபாலா" என்று ஒரு பகுதி உண்டு. கெபாலா என்றால் தலை. நம் சேலையிலும் "தலைப்பு" என்கிறோம், இல்லையா? அந்தக் கெபாலாவில் எதிரெதிராக முக்கோண வரிசைகள். மலாய் மொழியில் அதற்குப் பெயர் "பூச்சோக் ரெபோங்", மூங்கில் குருத்து. நம் பாட்டிமார் பட்டுச் சேலைக் கரையிலும் பல் பல்லாக முக்கோணம் வரும். அதைக் கோபுரம் என்பார்கள்; தாழம்பூ ரேக்கு என்றும் சொல்வார்கள்.

இதைக் கேட்டதும் சிலர், "அட, அது நம்மளோடது! அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் இந்தத் தீவுகளுக்கென்றே மெழுகு பூசி, சாயம் தோய்த்து, துணி செய்தார்கள். வாங்குகிறவர் எந்த முக்கோணத்தைக் கேட்டாரோ அதையே எழுதிக் கொடுத்தார்கள். நம்ம கை, அவங்க விருப்பம்.

சேலை முக்கோணத்துக்குத் தறியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். இரண்டு நிறமும் கைகோக்கிற இடத்தில்தான் அந்தப் பல்வரிசை ஏறுகிறது. அதில் கோபுரத்தைக் கண்டது பக்தியுள்ள கண். மூங்கில் குருத்தைச் சமைத்துச் சாப்பிட்டவர்களின் கண் குருத்தைக் கண்டது. இரண்டும் சரியே. மாங்காய்க்கும் இதே கதைதான்: காசுமீரச் சால்வையைப் பார்த்து ஸ்காத்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் நெய்தார்கள்; ஆங்கிலத்தில் நம் மாங்காய்க்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

பெயர் போனால் என்ன ஆகும்? ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி 1866-இல் இந்தியத் துணிகள் 700-ஐ வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாக வெளியிட்டார். இருபது பிரதிகளில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. அங்குள்ள ஆலைக்காரர்கள் பார்த்து அதுபோல் செய்யட்டும் என்பதே நோக்கம். நீளம், அகலம், எடை, ஊர், எல்லாம் கவனமாகக் குறித்தார். அந்தக் கரையைப் பார்த்து அதைக் கட்டிய பெண் என்ன சொல்லி அழைத்தாள் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று கோடாலிக்கருப்பூர்ச் சேலை. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகச் சரிகை நெய்து, அதன்மேல் மெழுகிட்டுச் சாயமேற்றிய அருமையான வேலை. 1855-இல் அரச வமிசம் வாரிசின்றி முடிந்தது. வாங்க ஆளில்லாமல் அத்தொழிலும் தேய்ந்து மறைந்தது.

நம் கதைக்கு வருகிறேன். தோட்டத்து லயங்களில் தகரப் பெட்டிக்குள் இருந்தவை அரண்மனைச் சேலைகள் அல்ல. பருத்திக் கட்டம், கண்டாங்கி, சுங்குடி. பிள்ளை பிறந்தால் உத்தரத்தில் தொட்டிலாகும், நைந்தால் கரித்துணி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் பட்டணத்து வீடுகளுக்கு வந்தபோது பல பெட்டிகள் வரவே இல்லை.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சேலை ஒன்றை எடுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அதன் கரையை இழை எண்ணி வரையுங்கள். பக்கத்தில், "பாட்டி, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியிடமும் கேட்டால் இன்னொரு பெயர் கிடைக்கும். அதையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டைப் பள்ளி நூலகத்தில் கொடுத்தால், அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு நானே வந்து படிக்கிறேன்.