படுக்க வைப்பதல்ல பாசம்!



புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. முதலில் டெப்போ சாலை ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலுக்குப் போவது நின்றது. பிறகு சந்தைக்குப் போவது நின்றது. இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதே பெரிய பயணம். மருத்துவர் சொல்கிறார்: "மூட்டை மாற்றிவிடலாம்." அம்மா சொல்கிறார்: "இந்த வயதில் கத்தி எதற்கு?" பிள்ளைகள் சொல்கிறார்கள்: "ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்."

அம்மா சொல்வதிலும் பாதிதான் உண்மை. பிள்ளைகள் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

வயதை முதலில் பார்ப்போம். பிரிட்டனின் எலிசபெத் அரசியாருடைய தாயார் 1995இல் ஒரு பக்க இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். அப்போது அவருக்கு 95 வயது. 1998இல், 97 வயதில், கீழே விழுந்த பிறகு மறு பக்கத்துக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின்னும் நடமாடி, 2002இல் 101 வயதில் மறைந்தார். ஆக, வயது மட்டுமே தடையில்லை. இதயம் எப்படி, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, உடல் தாங்குமா என்பதைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. நடுவில் வழுவழுப்பான குருத்தெலும்பு. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும்; வலி உயிரை வாங்கும். 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் எலும்பு சிமெண்டால் பொருத்தி வழிகாட்டினார். இன்றைய சிகிச்சைக்கு அதுவே அடிப்படை. 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே அழைத்தது. அதே இதழில் 2019இல் வந்த ஆய்வின்படி, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு சுமார் 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் வரை உழைக்கின்றன.

அப்படியானால் பிள்ளைகள் சொன்னது சரிதானே? அங்கேதான் தவறு நடக்கிறது. அறுவை சிகிச்சை மருத்துவர் மூட்டை மாற்றுவார். தசையை மாற்ற முடியாது. வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் நடக்காமல் இருந்தவருக்குத் தொடைத் தசையும் பிட்டத் தசையும் இளைத்துப் போயிருக்கும். புது மூட்டைப் பிடித்து நிறுத்தப் பலம் வேண்டாமா? அந்தப் பலத்தைக் கொடுப்பதுதான் இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி.

அது அறுவைக்குப் பிறகு தொடங்குவதல்ல. அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்க வேண்டியது. படுத்தபடி முழங்காலைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்குவது, பிட்டத்தை இறுக்கி விடுவது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுவது எல்லாம் எளிய பயிற்சிகள். நடைச்சட்டத்தைப் பிடித்து நடப்பதையும் முன்பே பழகிவிட வேண்டும். வலியோடும் மயக்கத்தோடும் இருக்கும்போது புதுப் பாடம் படிப்பது கடினம். புகை பிடிப்பவர் நிறுத்த வேண்டும். சொத்தைப் பல், ஆறாத புண், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். கால் தடுக்கும் விரிப்பு, மின்கம்பி, பேரனின் பொம்மை எல்லாம் ஓரம் போகட்டும். தாழ்வான சோபா வேண்டாம்; கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி வேண்டும். கழிவறை இருக்கையை உயர்த்த வேண்டும். அன்றாடம் தேவைப்படும் பாத்திரம் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் மூத்தோர் வீடுகளுக்கென ஒரு திட்டம் நடத்துகிறது. குளியலறையில் கைப்பிடிகள், வழுக்காத தரை ஆகியவை அதில் மானிய விலையில் கிடைக்கின்றன. புக்கிட் மேராவின் பழைய புளோக்குகள் சிலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலம் இருந்தது. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. கதவு வரை வசதி வந்துவிட்டது. கதவுக்கு உள்ளே வசதி செய்வது குடும்பத்தின் வேலை.

இனி அறுவை முடிந்த நாள். புக்கிட் மேரா வட்டாரத்திலேயே, ஊட்ரமில், சிங்கப்பூர் பொது மருத்துவமனை இருக்கிறது. அதன் அருகில் 2019 முதல் மறுவாழ்வு சிகிச்சை தரும் ஊட்ரம் சமூக மருத்துவமனையும் இயங்குகிறது. இன்றைய மருத்துவத்தில் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள். பார்க்கும் பிள்ளைகளுக்கு மனம் பதறும். "ஐயோ, இன்றைக்கேவா? அம்மா தூங்கட்டுமே!" என்பார்கள்.

பெரியோர்களே, இந்தப் பாசம்தான் ஆபத்து. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். நெஞ்சில் சளி கட்டலாம். முதுகில் புண் வரலாம். தசை நாளுக்கு நாள் கரையும். வலி இருக்கும், உண்மைதான். அதற்குத்தான் மருத்துவர் வலி மாத்திரை தருகிறார். மாத்திரையைச் சாப்பிடாமல் ஒதுக்கிவிட்டு, வலிக்கிறது என்று பயிற்சியையும் ஒதுக்குவது இரட்டை நட்டம்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். டாக்சியில் ஏறும்போது முதலில் இருக்கையில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே கொண்டுவர வேண்டும். பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்தவர்களுக்குப் பொதுவாக முதல் சில வாரங்கள் மூன்று தடைகள் உண்டு. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக்கூடாது. கால் மேல் கால் போடக்கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. அறுவை முறைக்கேற்ப இது மாறும் என்பதால் அவரவர் மருத்துவர் சொல்லே கடைசிச் சொல்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குனிந்து கோலம் போடுவது, சாமி முன் விழுந்து கும்பிடுவது எல்லாம் இடுப்பை முழுதாக மடக்கும் செயல்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை நாற்காலியில் அமர்ந்தே கும்பிடலாம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். திடீரென மூச்சு வாங்கினாலும், கால் திரும்பிக்கொண்டு தாங்க முடியாத வலி வந்தாலும் ஆம்புலன்சை அழைக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பயிற்சி சொல்லித் தரும் நாளில் பிள்ளைகளில் ஒருவராவது கூட இருக்க வேண்டும். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். பகலில் அம்மாவோடு இருப்பவர் அவர்தானே! "தண்ணீரா? இருங்கள், கொண்டுவருகிறேன்" என்பது அன்பு. "வாங்க அம்மா, சேர்ந்து போய் எடுத்து வருவோம்" என்பது அதைவிடப் பெரிய அன்பு.

மூட்டை மாற்ற இரண்டு மணி நேரம் போதும். நடையை மீட்க இரண்டு மூன்று மாதம் வேண்டும். அந்த மாதங்களை அம்மா கட்டிலில் கழிப்பதா, காலில் கழிப்பதா என்பதை முடிவு செய்வது மருத்துவமனை அல்ல, வீடு.