தோள் கொடுப்பதே தோழமை



உமறுப்புலவரைப் போற்றாத தமிழ்மேடை அரிது. 5,000-க்கும் மேற்பட்ட பாக்களால் சீறாப்புராணம் யாத்த அப் பெரும்புலவரையும், அவரைப் புரந்த வள்ளல் சீதக்காதியையும் புகழுங்கால் அவையோர் கைதட்டி மகிழ்கின்றனர். புகழ்ச்சி தக்கதே. ஆயினும் கூட்டம் கலைந்தபின், அவ்வவையோருள் ஒருவர், குடிக்கூலிக்கு வீடு கேட்டு வரும் முசுலிம் குடும்பத்தைப் பெயர் கேட்டவுடனே திருப்பி அனுப்புவாராயின் அக் கைதட்டலுக்குப் பொருள் என்ன? உமறுப்புலவர் தோன்றியிராவிடினும் அக் குடும்பத்தின் மதிப்பு அதே மதிப்பன்றோ? எந்த மக்களும் பாட்டெழுதிக் கொடுத்துத்தான் தம் மதிப்பைப் பெறவேண்டும் என்பதில்லை.

காழ்ப்பின் இயல்பு ஒன்றே. பிறன் ஒருவன் குற்றஞ்செய்தால் அவனை மட்டும் குற்றவாளி என்னும். முசுலிம் ஒருவன் செய்தால் அவன் இனம் முழுவதையும் கூண்டிலேற்றும். இலங்கையில் இது நேர்ந்தது. 2019 ஏப்பிரல் 21-இல், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, ஒரு சிறு வன்முறைக் கும்பல் கிறித்தவக் கோயில்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடிக்கச் செய்து 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மட்டக்களப்பிலும் கொழும்பிலும் மாண்டோருள் தமிழர் பலர். கொன்றோர் சிலர், பழியோ பல நூறாயிரவர்மீது விழுந்தது. அடுத்த திங்களிலேயே வடமேல் மாகாணத்தில் பள்ளிவாசல்களும் முசுலிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு கொரோனா நோய் பரவியது. நோயால் இறந்தோரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கை அரசோ 2020 ஏப்பிரலில், எரித்தே ஆகவேண்டும் என ஆணையிட்டது. இறந்தாரை மண்ணில் அடக்கஞ்செய்வதை இறைக்கடமையாகக் கொண்ட மக்கள் கதறினர். பிறந்து 20 நாளே ஆன பச்சிளங் குழவியின் உடலும் எரியூட்டப்பட்டது. ஆணையை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2020 திசம்பரில் உசாவலுக்கே ஏற்காமல் தள்ளியது. கொழும்புப் பொரளை இடுகாட்டு வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் எதிர்ப்பைக் காட்டியோர் முசுலிம்கள் மட்டுமல்லர். பிற சமயத்தாரும் உடன் நின்றனர்.

2021 பிப்பிரவரி 3 முதல் 7 வரை, பொத்துவில் தொடங்கிப் பொலிகண்டி வரை மாபெரும் நடைப்பயணம் நிகழ்ந்தது. தமிழர் தம் நிலத்துக்காகவும் காணாமலாக்கப்பட்டோர்க்காகவும் எழுப்பிய முழக்கங்களோடு, முசுலிம்களின் உடல்களை எரிக்காதே என்னும் முழக்கமும் சேர்ந்து ஒலித்தது. முசுலிம்களும் உடன் நடந்தனர். அத் திங்கள் முடியுமுன் அடக்கஞ்செய்ய அரசு இசைந்தது. 2024 சூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கோரியது. பிறர் துயரைத் தம் கோரிக்கைப் பட்டியலில் எழுதிக்கொள்வதே தோழமை. தமக்கு வேண்டியதைக் கேட்க மட்டும் தோழமை பேசுவது வாணிகம்.

இனி, தமிழ்த் தேசியம் பேசுவோர் கேட்க விரும்பாத செய்தி ஒன்றுண்டு. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முசுலிம்கள் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30-இல் அவர்களுக்குக் கிடைத்தது ஓரிரு மணி நேரமே. 70,000-க்கும் மேற்பட்டோர் வீடும் தோட்டமும் துறந்து ஏதிலியராயினர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக்குடிசைகளில் ஆண்டுகள் பல கழித்தனர். அவர்கள் வீட்டுமொழி தமிழ். பிள்ளைகளைத் தாலாட்டிய மொழி தமிழ். 2002-இல் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். தமிழர் பட்ட துன்பம் மலையளவு. அதனை மறுப்பார் இலர். ஆனால் தன் புண்ணைக் காட்டித் தான் பிறர்க்குச் செய்த புண்ணை மறைப்பது அறமாகாது. மாற்றான் செய்யும் கொடுமையைக் கண்டிக்கப் பேரறம் வேண்டுவதில்லை. தன் பக்கத்தார் செய்ததைத் தவறென்று சொல்லவே நெஞ்சுரம் வேண்டும்.

இன்னுமொன்று. ஈழத்து முசுலிம்களுட் பெரும்பாலோர் தமிழ் பேசினும் தம்மைத் தனி மக்களாகவே கருதுகின்றனர். 'தமிழர் என்று ஒப்புக்கொள், பிறகு தோள் தருவேன்' என்பது அணைப்பன்று, பிடி. 1949-இல் தோன்றிய தமிழரசுக் கட்சி 'தமிழ்பேசும் மக்கள்' என்று விரிந்த சொல்லை வழங்கியது. அச் சொல்லின் அகலம் நெஞ்சிலும் வேண்டும்.

ஆகவே, தமிழ் உணர்வுடையீர்! வீடு தேடி வருபவரைப் பெயர் கேட்டு விலக்காதீர். தேநீர்க் கடையில் பொதுப்பழி தூற்றுவோனிடம் 'யார் செய்தது, எங்கே செய்தது, சான்று என்ன?' என்று அங்கேயே கேளுங்கள். கேட்கும்போது முசுலிம் ஒருவர் அருகில் இருக்கவேண்டும் என்பதில்லை. இல்லாதபோது கேட்பதே மெய்யான துணை. வகுப்பறையில் ஒரு பிள்ளை தன் பெயரால் எள்ளப்பட்டால் ஆசிரியர் வாளா இருத்தலாகாது.

'யாதும் ஊரே' என்பதைப் பலகையில் எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டானை வேற்றூரான் ஆக்கும் இனத்திற்கு விடுதலை பேசத் தகுதியில்லை. அத் தகுதியை நாள்தோறும் ஈட்டுக தமிழர்!